நத்தைக்கு ஊற்றிய நல்ல தண்ணீர்

ஒன்றரை வயதில் என் தம்பிக்குக் கண்ணில் பட்டதெல்லாம் பலகாரம். சுவர்ச் சுண்ணாம்பு, செருப்பு, அப்பாவின் பஸ் டிக்கெட் என்று எதையும் விட்டுவைக்க மாட்டான். அவனுக்கு மொட்டை போட வேளாங்கண்ணிக்குப் போனபோதுதான் கடற்கரையில் அந்த நத்தையைப் பிடித்தேன். அரிசி மணியளவுதான் இருக்கும். அலை திரும்பியதும் ஈர மணலைத் தோண்டிக்கொண்டு சட்டென்று உள்ளே போய்விடும். மணலோடு அள்ளி ஒரு காலி ஊறுகாய் பாட்டிலில் போட்டு, கடல் தண்ணீரும் ஊற்றி, திண்டுக்கல் வரை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலை பாட்டில் மூடி திறந்து கவிழ்ந்து கிடந்தது. பக்கத்தில் தம்பி, வாயெல்லாம் மணலோடு சிரித்துக்கொண்டிருந்தான். நத்தையையும் தின்றுவிட்டான் என்றே நினைத்தேன்.

சித்தப்பாவிடம் மட்டும் மெதுவாகச் சொன்னேன். என்னைச் சீண்டாவிட்டால் அவருக்குப் பொழுது போகாது.

"அம்புட்டுத்தான்! மணலையே தோண்டுற சீவன், வயித்தத் தோண்டாமலா விடும்?"

நான் போட்ட கூப்பாட்டில் அம்மா ஓடி வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் தம்பியின் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினாள். "ஏலே, என்னத்தடா முழுங்குன?" அவன் அந்த விரலையும் கடித்தான். அம்மா அழ ஆரம்பித்தாள். அப்பா ஆட்டோ பிடிக்கத் தெருவுக்கு ஓடினார். மாதாவே, இவனைக் காப்பாற்று, என் பொம்மைகளையெல்லாம் இவனே தின்றுகொள்ளட்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன்.

விளையாட்டு வினையாகிவிட்டதென்று சித்தப்பாவுக்கே வேர்த்துவிட்டது. பாட்டிலின் அடியில் ஒட்டியிருந்த ஈர மணலைத் தட்டில் கொட்டி, ஈர்க்குச்சியால் கிளறினார். மணல் ஓரிடத்தில் லேசாக அசைந்தது.

"மதினி! இந்தா இருக்கு! உள்ளதான் பதுங்கிக் கெடக்கு!"

அப்பாடா! அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தம்பியை முத்தமிட்டாள், என் முதுகில் ஒன்று வைத்தாள், பிறகு என்னையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். வாசலில் வந்து நின்ற ஆட்டோவில் யாரும் ஏறவில்லை.

அந்த நத்தையின் மேல் எனக்கு அப்படியொரு நன்றி. எங்கள் தெருவில் புழங்குவதெல்லாம் உப்புக் கரிக்கும் போர்த் தண்ணீர்தான். ஆத்தூர் அணையின் நல்ல தண்ணீர் என்றைக்கோ ஒரு நாள் குழாயில் வரும். அதில் கை கழுவினால் அம்மா தோலை உரித்துவிடுவாள். அன்றைக்கு அவளே குடத்திலிருந்து ஒரு டம்ளர் மொண்டு கொடுத்தாள்.

"ஊத்துடி. நம்ம புள்ளைய விட்டுருச்சுல்ல, நல்லா இருக்கட்டும்."

நத்தையை மணலோடு பாட்டிலில் போட்டு, விளிம்பு வரை ஊற்றினேன். அது ஓட்டுக்குள் சுருங்கிக்கொண்டது, அப்புறம் அசையவில்லை. கடலில் பிறந்ததற்கு அந்த நல்ல தண்ணீர்தான் எமன் என்று எனக்கு அப்போது தெரியாது. சுகமாகத் தூங்குகிறது என்று நினைத்து, வீட்டில் எல்லாரையும் மெதுவாகப் பேசச் சொன்னேன்.