கருங்காலி இலைக்குக் கொடுத்த மீன் ஐஸ்

இன்று மத்தியானம் மரக்காணம் உப்பளத்துப் பக்கம் ஷேர் ஆட்டோ பஞ்சர். ஒதுங்க நிழல் கிடையாது. என் மடியில் கோட்டக்குப்பத்தில் விற்க வேண்டிய சங்கரா மீன் கூடை. பக்கத்தில் ஒரு காலேஜ் பெண், தெர்மாகோல் பெட்டியைக் கட்டிக்கொண்டு முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தாள்.

“என்னம்மா, உள்ள பொறந்த புள்ளையா?”

“கருங்காலி மரத்து இலை, அக்கா. மரமே அழிஞ்சிட்டு வருது. கோயில் காட்டுல ஒண்ணுதான் கொழுந்து விட்டிருக்குது. இலைக்குள்ள மைட்டோகாண்ட்ரியான்னு ஒண்ணு இருக்குது, தெம்பு குடுக்கறது. அதோட டிஎன்ஏவை முழுசா படிக்கணும். சூடேறினா கெட்டுடும். ஐஸ் உருகிடுச்சிக்கா.”

இவ்வளவுதானே என்று என் கூடை ஐஸை இரண்டு கையாலும் அள்ளி அவள் பெட்டிக்குள் கொட்டினேன்.

“ஐயோ அக்கா, மீன் ரத்தம்! மீனுக்கும் அந்த டிஎன்ஏ இருக்குது. இலையில கலந்தா எல்லாம் போச்சு!”

இலை போட்ட கவர்களை ஒவ்வொன்றாக எடுத்து, வாய் மூடியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தாள். ஒன்றில் மட்டும் தண்ணீர் இறங்கியிருந்தது. அதைத் தூக்கிப் போட்டாள். மீதியைக் கேரி பேக்குக்குள் கேரி பேக் போட்டு இறுக்கிக் கட்டினோம்.

“இப்ப கொட்டுக்கா, மிச்ச ஐஸ் எல்லாத்தையும்.”

“ஏம்மா, இவ்வளவும் உருகினா? மரத்துக்கு நீச்சல் கத்துக் குடுக்கப் போறியா?”

அப்போதுதான் சிரித்தாள்.

என் நம்பரை வாங்கிப் போனவள் சாயங்காலம் போன் செய்தாள். இலை சில்லென்று லேபுக்குப் போய்ச் சேர்ந்ததாம்.

ஐஸ் இல்லாத என் சங்கரா வழியிலேயே தொளதொளத்துவிட்டது. ஒருத்தரும் வாங்கவில்லை. வீட்டில் குழம்பு கொதிக்கிறது. மரத்தைக் காப்போம் என்று தினமும் பதிவு போடுகிறவர்களே, சாப்பிட யார் வருகிறீர்கள்?