உத்தரத்தின் மேல்பக்கம்

காலை 6.40. ஈஜிபுராவில் விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினோம்: நான், என் வீட்டுக்காரி சரோஜா, எங்கள் மாடியில் குடியிருக்கும் கவிதா. கவிதா மர ஆராய்ச்சி செய்கிற பெண். பழைய வீட்டு மரத்தின் வளையங்களைப் பார்த்து, அது எந்த வருடம் வெட்டப்பட்டது என்று சொல்லுவாள். மடிவாளாவில் ஆனேக்கல் பஸ். எனக்கு இருபத்தைந்து ரூபாய். பெண்களுக்கு இலவசச் சீட்டு.

சந்தாபுராவுக்கு நாலு கிலோமீட்டர் தள்ளி, சரோஜா பிறந்த ஓட்டு வீடு. அம்மன் கரகம் வருடா வருடம் முதலில் இறங்குவது அங்கேதான். அவள் அண்ணன் முனுசாமிக்கு அதை இடித்து மாடி வீடு கட்ட ஆசை. "நூறு வருஷத்துக்கு மேலன்னு காட்டு, கை வைக்கல. இல்லன்னா திங்கக்கிழமை ஜேசிபி" என்று தங்கையிடம் சொல்லியிருந்தார்.

8.30. ஆட்டோ நூறு ரூபாய். வாசலிலேயே மச்சான், "வாங்க மாப்ள! மேடம் வராங்கன்னு உத்தரத்த உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு வெச்சிருக்கேன்" என்றார். கரகம் வரும்போதும் இப்படித்தான். சுரண்டித் தேய்த்து மஞ்சள் பூசுவது அந்த வீட்டு வழக்கம்.

கவிதா அண்ணாந்து பார்த்தாள். முகம் வாடிவிட்டது.

"அங்கிள், பட்டைக்கு அடியில இருக்கிற கடைசி வளையம்தான் வெட்டின வருஷம். அது தேஞ்சு போச்சே."

சரோஜா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நான் மனசுக்குள் அம்மனைக் கூப்பிட்டேன்.

10.15. கவிதா ஏணி போட்டு, கூரையில் ரெண்டு ஓடுகளை நகர்த்தி, உத்தரத்தின் மேல்பக்கம் டார்ச் அடித்தாள்.

"ஆண்ட்டி! இங்க பட்டை இருக்கு!"

தூசி, பல்லி முட்டை, நடுவே விரல் அகலத்துக்குப் பட்டை.

"மேல கை விட உனக்குச் சோம்பல். அதுதான் காப்பாத்திச்சு அண்ணா" என்றாள் சரோஜா.

"ஏய், முட்டி வலிடி!" என்ற மச்சான், மஞ்சள் கிண்ணத்தோடு ஏணியில் கால் வைத்தார்.

"ஐயா, அதுல பூசாதீங்க!" கவிதா போட்ட சத்தத்தில் பாதி மஞ்சள் அவர் சட்டையில்.

மாதிரி எடுக்கக் கவிதா பட்டை வழியே துளை போடும்முன் சரோஜா கற்பூரம் காட்டி மன்னிப்புக் கேட்டாள். பென்சில் கனத்துக்கு மரக்குச்சி ஒன்று வெளியே வந்தது, நெடுகக் கோடு கோடாக. மச்சான் எண்ண ஆரம்பித்துவிட்டார்.

"அது மரத்தோட வயசுங்க ஐயா, வெட்டின வருஷம் இல்ல. வருஷம் தெரிஞ்ச மத்த தேக்கு மர வளையங்களோட ஒத்துப் பாக்கணும். ஒரு மாசம் ஆகும்."

மச்சான் எண்ணுவதை நிறுத்தினார். பிறகு ஜேசிபிக்காரருக்குப் போன் போட்டு, "சோமவார பேடப்பா" என்று கன்னடத்தில் சொன்னார். திங்கட்கிழமை வேண்டாமாம். திரும்பும் பஸ்ஸில் சரோஜா வழியெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

மறுமாதம் பதில் வந்தது. மரத்தை வெட்டி நூற்றுப் பத்து வருடம் ஆகிவிட்டதாம். மச்சான் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். கவிதாவுக்கும் அவருக்கும் நாங்கள் காலமெல்லாம் கடமைப்பட்டவர்கள்.

ஈஜிபுரா வீட்டில் ஒரு தூசி விடாமல் துடைத்துத்தான் நான் விளக்கேற்றுவேன். இந்த வருடம் கரகத்துக்குப் போய், அந்த உத்தரத்துக்கும் நானே மஞ்சள் பூசினேன். மேல்பக்கத்துத் தூசியை மட்டும் தொடவில்லை. கீழே நின்று கும்பிட்டுக்கொண்டேன்.