மலை ஏறாத மொட்டை

நைனா செத்த நாலாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, தங்கச்சியைப் பார்க்கத் திருப்பதிக்குப் போனேன். அவளுக்கு எதுவும் தெரியாது.

டாக்டர் நுழைவுத் தேர்வுக்கு அங்கே ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். போன் வைத்துக்கொள்ள விட மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டு ஆள் போய்ப் பார்க்கலாம். எங்களுக்குப் புத்தூர் பக்கம். எல்லை பிரித்தபோது ஆந்திராவோடு நின்றுவிட்ட ஊர். பத்தாவது வரை தமிழில் படித்த பாடத்தை அவள் இங்கிலீஷில் மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டியிருந்தது. நான் ஒன்பதாவதோடு நின்று நைனாவோடு டிராக்டர் ஏறியவன். எங்கள் வீட்டில் படிப்பு என்றால் அவள்தான்.

அப்போது மாங்காய் சீசன். சித்தூர் ஜூஸ் ஃபேக்டரி வாசலில் லோடோடு வரிசையில் நின்றிருந்தோம். முன்னால் நாற்பது வண்டியாவது இருக்கும். நைனா நெஞ்சைத் தடவிக்கொண்டே, "கொஞ்சம் படுத்துக்கிறேன்டா. வரிசை நவுந்தா எழுப்பு" என்றார். வரிசை நகர்ந்தது. எழுப்பினேன்.

கொள்ளி வைக்க எனக்கு மொட்டை போட்டார்கள். மீசையையும் எடுத்துவிட்டார்கள். தங்கச்சிக்குச் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தது தாய்மாமன்.

"வர்ற ஞாயிறு இல்ல, அடுத்த ஞாயிறு பரீட்சை. இப்ப சொன்னா எழுத மாட்டா. உங்க நைனா ஆசப்பட்டது அது ஒண்ணுதான். முடிச்சிக்கினு வரட்டும்."

அம்மா, "மொகத்தக்கூட பாக்க வுடாம பண்ணிட்டு, நாளைக்கு அவளுக்கு இன்னா பதில் சொல்றது?" என்று கேட்டாள். நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன்.

யாரும் போகாவிட்டால் சந்தேகப்படுவாள் என்று என்னை அனுப்பினார்கள். தலையில் துண்டு கட்டிக்கொள், வெயில் என்று சொல்லிக்கொள் என்றார் மாமன்.

ஊரில் என் தலையைப் பார்ப்பவர்கள் உடனே கண்ணைத் தாழ்த்திக்கொள்வார்கள். திருப்பதி பஸ் ஸ்டாண்டில் எங்கே திரும்பினாலும் மொட்டை, சந்தனம் பூசிய மொட்டை. டீக்கடைக்காரர் என்னிடம் தரிசனம் நன்றாக ஆனதா என்று தெலுங்கில் கேட்டார். சாவு விழுந்த வீட்டுக்காரன் ஒரு வருஷம் மலை ஏறக்கூடாது. டீயைக் குடித்துவிட்டு நடந்தேன்.

ஹாஸ்டல் கேட்டில் பையைக் கொடுக்கும்போது துண்டு நழுவிவிட்டது. தங்கச்சி என் தலையைப் பார்த்தாள். நான் வாய் திறப்பதற்குள் அவளே கேட்டாள்.

"எனக்காகவாண்ணா?"

தலையாட்டினேன்.

உள்ளங்கையால் என் தலையைத் தடவிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மாடியிலிருந்து அவள் கூட்டாளிகள் "குண்டு அன்னா" என்று தெலுங்கில் மொட்டையைக் கிண்டல் செய்தார்கள். அவளும் சிரித்தாள். பையைத் துழாவிப் பார்த்தாள்.

"எனக்கு வேண்டிக்கினு போய்ட்டு எனக்கே லட்டு இல்லியா? எல்லாத்தையும் நைனாவே துன்னுட்டாரா?"

"ஆமா" என்றேன்.

தேர்வு அன்றைக்கு மாமன் வரவில்லை. நான் மட்டும் வெயிலில் காத்திருந்தேன். வெளியே வந்ததும் பிசிக்ஸ்தான் கஷ்டம், மற்றதெல்லாம் பரவாயில்லை என்றாள். நைனாவுக்குப் போன் போடச் சொல்லிக் கையை நீட்டினாள். ஒரு வேப்பமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று ஞாபகம் இல்லை.

அவள் அழவில்லை. என்றைக்கு என்று மட்டும் கேட்டாள். போன ஞாயிறு நான் வந்ததற்கு முந்தின வியாழக்கிழமை என்றேன். கொஞ்ச நேரம் என் தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குள் முள் மாதிரி முடி முளைத்திருந்தது.

"நான் சிரிச்சேனேண்ணா" என்றாள்.

வீட்டுக்குப் போய் அம்மாவின் வெறும் நெற்றியைப் பார்த்த பிறகுதான் கத்தினாள். மாமனோடு இன்றுவரை பேசுவதில்லை. என்னோடு பேசுகிறாள். அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. திட்டியிருக்கலாம்.

அந்த வருஷம் சீட்டு கிடைக்கவில்லை. இன்னொரு தடவை எழுதுகிறேன் என்று அதே ஹாஸ்டலுக்குப் போயிருக்கிறாள். போகும்போது அம்மாவிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். எது நடந்தாலும் அன்றைக்கே சொல்ல வேண்டும். அம்மா அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நான்தான் போகிறேன். டிராக்டர் தூசியில் தலை அரித்தாலும் முடியை ஒட்ட வெட்டுவதில்லை. கேட்டுக்கு வந்ததும் அவள் முதலில் என் தலையைப் பார்க்கிறாள். அப்புறம்தான் முகத்தைப் பார்க்கிறாள்.