சிர்க்காவின் மகளுக்கு ஒரு குடும்பப் பெயர்

வாத்து இறகு பிய்ப்பதில் சிர்க்காவுக்கு அந்தத் தெருவில் ஈடு கிடையாது. ஆனால் அந்த வாரம் பிய்த்ததெல்லாம் அரைகுறை. உட்கார்ந்தால் எழுந்தாள், எழுந்தால் வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்தாள். கலீசியா மாகாணத்தில் உள்ள யூதர்கள் எல்லோரும் ஜெர்மன் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று வியன்னாவிலிருந்து பேரரசர் உத்தரவு போட்டிருந்தார். இன்னாரின் மகன் இன்னார் என்று இத்தனை காலம் சொல்லி வந்தது அரசாங்கத்துக்குப் போதவில்லையாம்.

பெயர் என்ன கிடைத்தாலும் அவளுக்கு ஒன்றுதான். மகள் மிர்லாவை யார் பெயரில் எழுதுவது என்பதுதான் அவளை அரித்தது.

மூன்று பிள்ளைகளை அடுத்தடுத்துப் பறிகொடுத்தவள் அவள். நான்காவதாகப் பிறந்த மிர்லா மூன்றாம் மாதத்தில் காய்ச்சலில் விழுந்தபோது, வழக்கப்படி குழந்தையைப் பக்கத்து வீட்டு பெஸ்யாவுக்கு விற்றாள். பெஸ்யாவின் ஆறு பிள்ளைகளும் கல்லுக்குண்டு போல இருந்தார்கள். சாவின் தூதன் சிர்க்காவின் பிள்ளையைத் தேடி வந்தால், அப்படியொரு பிள்ளை இல்லை என்று திரும்பிப் போக வேண்டும். காய்ச்சல் இறங்கிவிட்டது. குழந்தை வளர்ந்ததெல்லாம் சிர்க்காவிடம்தான். ஆனாலும் ஏழு வருடமாக அவளைச் சித்தி என்றே கூப்பிட்டது. பெஸ்யாதான் அம்மா. கல்யாணம் வரை இதை மாற்றக் கூடாது.

"கடுதாசியில எழுதறதுக்கும் அதுக்கும் என்னடி சம்பந்தம்?" என்றான் கணவன் லைசர். "நாளைக்கு நம்ம பேரச் சொல்ல ஒரு ஆள் வேணாமா?"

"எழுதினா அவனுக்கு நாமளே விலாசம் குடுத்த மாதிரி."

"தூதனுக்கு ஜெர்மன் வேற படிக்கத் தெரியுமாக்கும்."

"கேலி பண்ணுங்க. மூணு தடவ வழி கேக்காம வந்தவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா?"



மறுநாள் பெயர் பதிய வந்திருந்த அதிகாரி லைசரின் கோட்டில் ஒட்டியிருந்த இறகுகளைப் பார்த்து, 'வைஸ்', வெள்ளை, என்று எழுதினார். "பிள்ளைங்க?"

"ஒரு..." என்று லைசர் ஆரம்பித்தான்.

"இல்லைங்க" என்றாள் சிர்க்கா.

அதிகாரி லைசரைப் பார்த்தார். அவன் சிர்க்காவைப் பார்த்தான். "இல்லைங்க."

அடுத்து பெஸ்யாவும் அவள் கணவன் நோட்டாவும். நோட்டாவின் செந்தாடியைப் பார்த்ததும் அதிகாரிக்கு யோசனையே தேவைப்படவில்லை. "ரோத். சிவப்புன்னு அர்த்தம். எங்க பாட்டன் ஊர்லயும் தாடி சிவந்தவன் பரம்பரைக்கெல்லாம் இதே பேருதான், பாதி ஊரு ரோத்." காலையிலிருந்து அவர் எழுதிய ஐந்தாவது ரோத் இது. ஐந்து குடும்பத்துக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

ஆறு பிள்ளைகளின் பெயரையும் பிறப்பையும் பெஸ்யா மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். ஏழாவதாக, "மிர்லா."

"எப்பப் பொறந்தா?"

பெஸ்யா திணறினாள். "அது வந்து... குளிர் காலம்ங்க..."

"ஹனுக்கா பண்டிகைக்கு மூணாவது வெளக்கு ஏத்திட்டிருக்கும்போது" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

அதிகாரி தலை நிமிர்ந்தார். "பெத்தவளுக்கே தெரியல. உனக்கு எப்படிம்மா தெரியும்?"

சிர்க்கா தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள்.

"பக்கத்து வீடுங்க."