பானைக்குள்ளேருந்து எண்ணினவர்

அழகிரிங்கிற பேரை நான் முதல்ல கேட்டது என் நாத்தனார் ரங்கநாயகி வாயால, அதுவும் அவ அழுதுக்கிட்டு இருந்தப்போ. அவ மக ரஞ்சனிக்கு லால்குடிக்கு அந்தாண்டை ஒரு ஏரிக்கரை ஊர்லேருந்து வரன் வந்திருந்தது. பையனுக்கு வயல் வேலை, மழைக்காலத்துல வாத்து புடிச்சு உறையூர்ல விக்கிறான், அவனுக்கா என் பொண்ணுன்னு ஸ்ரீரங்கத்துக்கு பஸ் ஏறி வந்து மூக்கைச் சிந்தினா. என் வீட்டுக்காரர் தாய்மாமன் இல்லையா, போய்ப் பார்த்துட்டு வந்தார். "நிதானமான பையன், கொடுக்கலாம்"னார். கொடுத்தோம்.

அவங்க குடும்பத்து வேட்டையே தனி. ஐப்பசியில வடக்கேருந்து கிளுவை, ஊசிவால்னு வாத்துங்க வந்து இறங்கினதும், வெறும் மண்பானைகளை ஏரியில மிதக்க விடுவாங்க. பத்து நாள்ல பறவைக்குப் பானை பழகிடும். அப்புறம் கண்ணுக்கு ஓட்டை போட்ட பானையைத் தலையில கவுத்துக்கிட்டு, கழுத்து வரைக்கும் தண்ணியில குந்தியே நகர்ந்து போய், வாத்தோட காலைப் புடிப்பாங்க. வருஷத்துல புடிக்கிற முதல் பறவையைத் தடவிக் கொடுத்து விட்டுடணும். அது அவங்க வீட்டு வழக்கம்.

பறவை புடிக்கிறது சட்டப்படி குத்தம்னு வனத்துறைக்காரங்க ஊருக்கு வந்து சொன்ன வருஷமே மாப்பிள்ளை நிறுத்திட்டார். பானையை மட்டும் விடலை. உள்ள உக்காந்து சும்மா பார்த்துட்டு வருவார். ரஞ்சனி, "இவருக்கு என்னைவிட கிளுவை மேலதான் ஆசை, அத்தை"ம்பா.

மூணு வருஷம் முன்னால பொங்கல் சீர் எடுத்துக்கிட்டு அங்க போயிருந்தேன். அன்னிக்குன்னு பார்த்து ஏரியைத் தூர் வார அளவெடுக்க இன்ஜினியர் கணேஷ்குமார் வந்தார். நல்ல மனுஷன்தான். ஏரி முழுக்க ஒரே ஆழமா வெட்டப் போறோம்னார். ஊருக்கும் சந்தோஷம். மாப்பிள்ளை முகம் மட்டும் செத்துப்போச்சு. வடக்கு ஓரம் முழங்கால் தண்ணி, அங்கதான் பறவை தலையைக் கவுத்துச் சேத்துல மேயும், ஆழமாக்கினா அதுக்கு எட்டாது, அப்புறம் வரவே வராதுன்னு கெஞ்சினார்.

இன்ஜினியர் கரையில நின்னபடியே எண்ணிப் பார்த்தார். "மொத்தமே நாப்பதுதாங்க இருக்கு. இதுக்காகவா விடறது?"

"அதுல பன்னெண்டு என் பானை, சார்."

கரையில நின்ன சனம் பூரா சிரிச்சுது. இன்ஜினியருக்கு முகம் சிவந்துபோச்சு.

கோரைக்குப் பின்னால இருக்கிறது கரையிலேருந்து தெரியாதுன்னு சொல்லிட்டு, மாப்பிள்ளை வேட்டியை மடிச்சுக் கட்டி, பானையைக் கவுத்துக்கிட்டு இறங்கினார். கொஞ்ச நேரத்துல எது அவர் தலை, எது வெறும் பானைன்னு எனக்கே தெரியலை. அரைஞாண் கயித்துல ஒரு நீளச் சரடு தொங்கும். இருபது பறவைக்கு ஒரு முடிச்சு. திரும்பி வந்தப்போ முப்பத்தோரு முடிச்சு இருந்தது.

"முடிச்சை வச்சு நான் எப்படிங்க எழுதறது?"ன்னார் இன்ஜினியர்.

மாப்பிள்ளை பானையைக் கழட்டி அவர் கையில கொடுத்தார். "நீங்களே போய்ப் பாருங்க சார். மெதுவா மட்டும் நகருங்க."

அந்த மனுஷன் போவார்னு நான் நினைக்கலை. போன், பர்ஸ் எல்லாத்தையும் ரஞ்சனிகிட்ட கொடுத்துட்டு இறங்கிட்டார். மாப்பிள்ளை இன்னொரு பானையோட கூடவே போனார். ஒரு பறவைகூட எழும்பலை. நெஞ்சு வரைக்கும் சேறோட கரையேறினவர் பானையைக் கழட்டி மாப்பிள்ளைகிட்ட கொடுத்தார். அப்புறம், "ஒண்ணு என் மூக்குகிட்ட வந்து பார்த்துட்டுப் போச்சுங்க"ன்னார், பள்ளிக்கூடப் புள்ளை மாதிரி.

வரைபடத்துல வடக்கு ஓரத்தைச் சுத்திக் கோடு போட்டு, வெட்ட வேணாம்னு எழுதினார். மத்த பக்கம் வெட்டினாங்க, வயலுக்கும் தண்ணி குறையலை. என் வீட்டுக்காரர் இருந்திருந்தா, நான் பார்த்துக் கொடுத்த மாப்பிள்ளைன்னு ஸ்ரீரங்கம் பூரா சொல்லிட்டு வந்திருப்பார். அவருக்கும் சேர்த்து நான் சொல்லிக்கிட்டிருக்கேன்.

மாப்பிள்ளை அழகிரி இப்போ அதே ஊர்ல, அதே ஏரிக்கு வனத்துறை வச்ச பறவைக் காவலரா இருக்கார்.