பங்கோர் கடலில் நான் இறங்காத நாள்

மலேசியாவின் பங்கோர் தீவுக்கு எப்படிப் போவது என்று பலர் கேட்டுவிட்டீர்கள். நான் முதலில் போனது 1982-இல், சீனப் பெருநாள் விடுமுறையில். வழியைச் சொல்ல உட்கார்ந்தால் அந்தப் பயணம்தான் முன்னால் வந்து நிற்கிறது.

அப்போது நானும் தோழி பிலோமினாவும் ஈப்போவில் ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை பார்த்தோம். எல்லாம் வெளிநாட்டுக்குப் போகும் நீச்சல் உடைகள். நாள் முழுக்க பிகினிக்கு எலாஸ்டிக் வைத்துத் தைப்போம். அதைப் போட்ட ஒருத்தியை நேரில் பார்த்ததில்லை. தையல் கோணியவற்றை எங்களுக்கே மலிவாகக் கொடுப்பார்கள். பிலோமினா ஆளுக்கொன்று வாங்கினாள். மேலே போட்டுக்கொள்ள, பூப்போட்ட பாத்தேக் சாரோங் கைலியை வெட்டி, முன்பக்கம் பொத்தான் வைத்து, கழுத்தில் லேஸ் ஓட்டி இரண்டு அங்கிகள் தைத்தாள். அவ்வளவு அழகு!

செமோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் எங்கள் வீடு. தீவில் காளியம்மன் கோயில் உண்டு. அதைச் சொல்லித்தான் அம்மாவிடம் அனுமதி வாங்கினேன்.

ஈப்போவிலிருந்து லூமுட் துறைமுகம் ஏறக்குறைய எண்பது கிலோமீட்டர். காலை ஏழு மணிக்குப் பேருந்து ஏறினோம், இரண்டு மணி நேரம் பிடித்தது. அங்கிருந்து ஃபெர்ரி. ஏறி உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தேன். எதிரே எங்கள் தோட்டத்து லாரி ஓட்டுநர் தங்கவேலு அண்ணன்.

"என்னா ராஜி, இந்தப் பக்கம்?"

"கோயிலுக்குண்ணே."

"நல்லா கும்புட்டுட்டு வாம்மா."

அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

தீவின் படகுத்துறையில் டாக்சிக்காரர் நான்கு ரிங்கிட் வெள்ளி கேட்டார். பிலோமினா பேசி மூன்றாக்கினாள். பாசிர் போகாக் கடற்கரையின் கோடியில், ஆள் குறைந்த இடமாகப் பார்த்து மரத்தடியில் உட்கார்ந்தோம். பிலோமினா அங்கியைக் கழற்றி மடித்து என் மடியில் வைத்தாள்.

"எப்படிடி இருக்கு?"

"நாமளா தச்சோம்னு இருக்கு."

சிரித்துக்கொண்டே ஓடினாள். இடுப்பளவு தண்ணீரில் நின்று கத்தினாள்: "வாடி ராஜி! தண்ணி வெதுவெதுன்னு இருக்கு லா!"

நானும் உள்ளே அதைத்தான் போட்டிருந்தேன். இரண்டு பொத்தான்களைக் கழற்றினேன். தூரத்தில் ஒரு ஆண் நடந்து வந்தார். தங்கவேலு அண்ணன் மாதிரியே தெரிந்தது. திரும்பப் போட்டுக்கொண்டேன். அவர் கடந்து போனதும் மறுபடி கழற்றினேன். இன்னொருவர் வந்தார்.

பிலோமினா ஈரத்தோடு வந்து கையைப் பிடித்து இழுத்தாள். "யாருடி ஒன்ன பாக்கப் போறா?"

"அந்த அண்ணே பாத்துட்டா தோட்டம் முழுக்கத் தெரிஞ்சிரும்டி. நீ போய்க் குளி. நான் அடுத்த தடவ வாரேன்."

மாலை ஃபெர்ரியில் தங்கவேலு அண்ணன் நெத்திலிக் கருவாட்டு மூட்டைகளோடு ஏறினார். "காலைலேருந்து கருவாட்டுக் கடையிலயே நின்னுட்டேன். கடலக்கூட சரியா பாக்கல," என்றார். பிறகு பிலோமினாவின் ஈரத்தலையைப் பார்த்து, "கோயில்ல மழையாம்மா?" என்றார்.

"ஆமாண்ணே, நல்ல மழை!" என்று சிரித்தாள் பிலோமினா.

அவரும் சேர்ந்து சிரித்தார். தோட்டத்தில் ஒருவரிடமும் அவர் சொல்லவில்லை.

அந்த அடுத்த தடவை வரவேயில்லை. தொழிற்சாலையை மூடினார்கள். பிலோமினா கல்யாணமாகி பாகான் செராய்க்குப் போனாள். சில வருடம் கழித்து அவள் வீட்டுக்குப் போயிருந்தபோது மகளிடம் என்னைக் காட்டிச் சொன்னாள்: "நானும் இந்த ஆன்ட்டியும் பிகினி போட்டுக்கிட்டு பங்கோர் கடல்ல என்னா ஆட்டம் போட்டோம் தெரியுமா? கைய கோத்துக்கிட்டு அலையில நின்னோம்!"

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அப்படித்தான் அவளுக்கு ஞாபகம். "ஆமா," என்றேன். அந்தச் சின்னப் பெண் என்னை வியப்போடு பார்த்தாள்.

போகிறவர்களுக்கு: விடுமுறை நாட்களைத் தவிர்த்தால் கூட்டம் இருக்காது. பாத்தேக் துணியில் அங்கி தைத்தால் முதலில் இரண்டு தடவை அலசிவிடுங்கள், சாயம் போகும். கடலில் இறங்குவதாக இருந்தால் போனவுடன் இறங்கிவிடுங்கள். கரையில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தால், திரும்பிப் போகும் ஃபெர்ரி வந்துவிடுகிறது.