மூன்றாவது முறை அழுத்தியது

பேயைப் பார்த்தேன், முனி அடித்தது என்று யாராவது சொன்னால், முதலில் அவருக்குச் சர்க்கரை எவ்வளவு என்று குத்திப் பார்க்கிற ஆள் நான். தேனியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ஐசியூவில் பதினான்கு வருடமாக நர்ஸ் வேலை. எங்கள் கெங்குவார்பட்டியில் உச்சிவேளையில் அந்தப் புளியமரத்துப் பக்கம் போகாதே என்பார்கள், நான் அங்கேயே உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டுவிட்டு வந்தவள். அப்படிப்பட்டவள்தான் இதைச் சொல்கிறேன். நீங்கள் நம்பித்தான் ஆக வேண்டும் என்று ஒன்றும் இல்லை. எனக்கு நடந்தது நடந்ததுதான்.

அன்றைக்குச் சனிக்கிழமை. காலை ஏழு மணிக்கு ஓடைப்பட்டியிலிருந்து பேச்சியம்மாள் என்று ஒரு அம்மாவைக் கொண்டுவந்தார்கள், ஐம்பது வயது இருக்கும், திராட்சைத் தோட்டத்தில் கொத்து வெட்டுகிற வேலை. நான்கு நாளாகக் காய்ச்சலும் நீர்க்கடுப்பும். வெட்டு முடியட்டும் என்று மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறார். கிட்னியில் இருந்த கிருமி ரத்தத்தில் கலந்து செப்டிக் ஷாக்கில் வந்து நின்றது. அதில் ரத்தக்குழாய் எல்லாம் தளர்ந்துவிடும், பிரஷர் நிற்காது, உடம்பில் ரத்தம் இருந்தும் மூளைக்கும் கிட்னிக்கும் போய்ச் சேராது.

பாட்டில் பாட்டிலாகச் சலைன் ஏற்றியும் பிரஷர் எழும்பவில்லை. டாக்டர் நார்அட்ரினலின் ஆரம்பிக்கச் சொன்னார். ஹோஸ் வாயைப் பெருவிரலால் அழுத்தினால் தண்ணீர் எட்டிப் பாயுமே, அந்த மாதிரி இந்த மருந்து தளர்ந்த குழாய்களை இறுக்கிப் பிடிக்கும். பம்பில் வைத்துத் துளித்துளியாக, நிற்காமல் ஓட வேண்டும். சில நிமிடம் நின்றால்கூட ஆள் கைவிட்டுப் போய்விடும். கழுத்து நரம்பில் லைன் போட டாக்டர் வருகிற வரைக்கும் இடது முன்கையில் குத்திய ஊசியிலேயே ஓடவிட்டோம்.

இதோடு இன்னொரு வேலையும் உண்டு. விரல் நகத்தை ஐந்து நொடி அழுத்திப் பிடித்து, பிறகு விட்டால் வெளுத்துப் போயிருக்கும், அது மறுபடி சிவக்க எத்தனை நொடி ஆகிறது என்று எண்ண வேண்டும். மூன்று நொடிக்குள் சிவந்தால் நல்லது. பேச்சியம்மாளுக்கு முதலில் ஏழு நொடி ஆனது. அரை மணிக்கு ஒரு தடவை அழுத்தி அழுத்திப் பார்த்தேன், பதினொன்றரைக்கு நான்கு ஆயிற்று, பிரஷரும் தொண்ணூற்றாறுக்கு வந்தது. எனக்கு ஒரு வைராக்கியமே வந்துவிட்டது. கண்ணே திறக்காத அந்த அம்மாவின் காதில் குனிந்து, "நான் ஒங்கள விட மாட்டேன் ஆத்தா, நீங்களும் விட்றாதீக" என்றேன்.

பன்னிரண்டு மணிக்குப் பார்வையாளர் நேரம். அவருடைய வீட்டுக்காரர் முருகேசன், அவரும் திராட்சைப் பந்தல் வேலைதான், காலையிலேயே குச்சனூர் போய்ச் சனீஸ்வரனைக் கும்பிட்டுவிட்டு நேராக வந்திருந்தார். இரண்டு நிமிடம் என்று சொல்லி உள்ளே விட்டேன். அந்த நேரம் பார்த்து அடுத்த கட்டில் தாத்தா வாந்தி எடுத்துவிட்டார், நான் அங்கே ஓடிவிட்டேன். முருகேசன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனதை மட்டும்தான் பார்த்தேன். ஆட்கள் வந்து போனதும் போர்வையை விலக்கித் தலையிலிருந்து கால்வரை ஒரு தடவை பார்ப்பது எங்கள் வழக்கம். அன்றைக்கு அதை நான் செய்யவில்லை. என் தப்புதான், யார் மேலும் பழி போட மாட்டேன்.

பேச்சியம்மாள் கட்டிலுக்கு ஆறடி தள்ளி இருந்த மேசையில் உட்கார்ந்து சார்ட் எழுத ஆரம்பித்தேன். இடது கையை மேசை மேல் வைத்திருந்தேன். என் ஆள்காட்டி விரல் நகத்தை யாரோ சட்டென்று ஒரு அழுத்து அழுத்தினார்கள். நிமிர்ந்து பார்த்தால் பக்கத்தில் ஆளே இல்லை. காலையிலிருந்து சாப்பிடாததால் நரம்பு இழுக்கிறது என்று நினைத்து மறுபடி குனிந்துகொண்டேன். திரும்பவும் அதே விரலில் அழுத்தம், சொரசொரப்பான விரல் பட்டது போல. அப்போதும் நான் எழுந்திருக்கவில்லை. மூன்றாவது தடவை அழுத்தியது லேசில் விடவில்லை, பிடித்த பிடியாக நின்றது, விட்டபோது என் நகம் பேப்பர் மாதிரி வெள்ளையாக இருந்ததை என் கண்ணாலே பார்த்தேன். எழுந்துவிட்டேன்.

எழுந்ததும் கால் பேச்சியம்மாள் கட்டிலுக்குத்தான் போனது. பம்பில் பச்சை விளக்கு எரிகிறது, எந்த அலாரமும் இல்லை. பிரஷர் மெஷின் கால்மணிக்கு ஒரு தடவைதான் பார்க்கும், அடுத்ததற்கு இன்னும் ஒன்பது நிமிடம் இருந்தது. நானே பட்டனைத் தட்டினேன். அறுபத்திரண்டு என்று காட்டியது. போர்வையை விலக்கினால், இடது முழங்கைக்கு மேலே தடித்த கறுப்புக் கயிறு, மூன்று சுற்று. திராட்சைக் கொடி காற்றில் அவிழாமல் இருக்கப் பந்தல் கம்பியோடு சேர்த்துப் போடுவார்களே, அதே முடிச்சு. ஏற்றிய சலைனில் கை வீங்க வீங்கக் கயிறு உள்ளே பதிந்துவிட்டது. மருந்து அதைத் தாண்டிப் போகவே இல்லை. இவ்வளவு மெதுவாக ஓடுகிற பம்பு, அடைப்பு இருக்கிறது என்று கத்துவதற்கு ரொம்ப நேரம் எடுக்கும்.

கத்தரிக்கோலை எடுப்பதைக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துவிட்டு முருகேசன் உள்ளே ஓடிவந்தார்.

"அறுத்துப்புடாதீக சிஸ்டர். சனீஸ்வரன் கயிறு. குத்தமாயிரும்."

"அறுக்கலேன்னா ஆளே இருக்க மாட்டாக. குத்தம் வந்தா எனக்கு வரட்டும்" என்றேன்.

தேங்கிய மருந்து மொத்தமாக உள்ளே பாய்ந்துவிடக் கூடாது என்று இணைப்பைக் கழற்றிவிட்டுத்தான் கயிற்றை அறுத்தேன். வலது கையில் இருந்த இன்னொரு ஊசிக்கு மருந்தை மாற்றினேன். டாக்டரைக் கூப்பிடச் சொல்லிக் கத்தினேன். எழுபது, எழுபத்தெட்டு, தொண்ணூறு. டாக்டர் வந்து கழுத்தில் லைன் போட்டு முடித்துவிட்டு, எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டார். சும்மா எழுந்து பார்த்தேன் சார் என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

முருகேசன் வராந்தாவில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். அவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. பொண்டாட்டி பிழைக்க அவருக்குத் தெரிந்ததைச் செய்தார், அவ்வளவுதான். அறுத்த கயிற்றை ஒரு கவரில் போட்டு அவர் கையில் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் மருந்தை நிறுத்தினோம். நான்காம் நாள் பேச்சியம்மாள் நன்றாகப் பேசினார். கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன், வேறு யாரும் பக்கத்தில் இல்லை. விரல் விஷயத்தை நான் அதுவரை ஒருத்தரிடமும் சொல்லவில்லை, இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

"ஏத்தா, அன்னைக்கி ஓம் விரல அமுக்குனேனே, தெரிஞ்சுச்சா?" என்றார்.

ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்தேன். நான் அவருக்கு அழுத்திப் பார்த்த மாதிரியே அவரும் எனக்கு அழுத்தினாராம். கை விண்விண்ணென்று வலித்ததாம், வாயைத் திறக்க முடியவில்லையாம், நான் குனிந்து எழுதிக்கொண்டே இருந்தேனாம்.

"ரெண்டு தடவ அமுக்குனேன். நீ எந்திரிக்கவே இல்ல. அதுக்கு மேல எனக்குத் தெம்பு இல்லத்தா."

மூன்று தடவை, என்றேன்.

"மூணாவது நான் இல்ல."

யார் என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, எனக்கு இடது பக்கமாகப் பார்த்தார்.

"எங்கிட்ட எதுக்குக் கேக்குற? அவுகதான் ஒம் பக்கத்துலயே நிக்கிறாகளே."

நான் திரும்பவில்லை. கஞ்சியை முழுக்கக் கொடுத்து, வாயைத் துடைத்துவிட்டு, பிரஷர் பார்த்து எழுதினேன். அடுத்த வாரம் அவர் நடந்தே வீட்டுக்குப் போனார், இப்போதும் கொத்து வெட்டுகிறார். காய்ச்சல் வேகத்தில் உளறியிருப்பார் என்று நீங்கள் சொல்லலாம். நானும் அப்படித்தான் சொல்லிப் பார்த்தேன். ஆனால் முதல் இரண்டும் பழக்கம் இல்லாதவர் அழுத்துகிற அழுத்து, தொட்டதும் விட்டுவிட்டது. மூன்றாவது சரியாக ஐந்து நொடி நின்றது. எங்கள் வேலை தெரிந்தவர்கள்தான் அப்படி அழுத்துவார்கள்.